ஹாஸ்டல் வைஃபைக்கு எவ்வளவு பெரிய சப்நெட் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். ஆக்சஸ் பாயிண்டுகளுக்குக் கட்டடத்துக்கு ஒரு /24 (254 ஐபி முகவரிகள் கொண்ட சப்நெட், அதாவது முகவரித் தொகுதி) என்று தனி விலான் (நெட்வொர்க்கைப் பிரித்து வைக்கும் தனிப் பகுதி) இருக்கிறது. அதில் சிக்கல் இல்லை. திண்டாட்டமெல்லாம் பயனர் பக்கம்தான்.

ஹாஸ்டலுக்கு இப்போது /22, அதாவது 1022 முகவரிகள். ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப். மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) மாற்றிக்கொண்டு, புதுக் கருவி போல இன்னொரு ஐபி முகவரி வாங்கும் போன்கள் வேறு. லீஸ் (ஒரு கருவிக்கு முகவரியை ஒதுக்கி வைக்கும் காலம்) 8 மணி நேரம் என்பதால், விட்டுப்போன முகவரிகளும் உடனே திரும்புவதில்லை. ராத்திரி டிஎச்சிபி பூல் (தானாக வழங்க வைத்திருக்கும் முகவரிகளின் இருப்பு) தீர்ந்துவிடுகிறது. லேப்டாப்பில் சிக்னல் முழுசாக இருக்கும், முகவரி மட்டும் 169.254 என்று தொடங்கும், அதாவது டிஎச்சிபியிடம் முகவரி கிடைக்காமல் லேப்டாப் தானே போட்டுக்கொண்டது. பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் தவிப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

/20 ஆக்கினால் 4094 கிடைக்கும். ஆனால் பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் (எல்லாருக்கும் அல்லது ஒரு குழுவுக்குப் பொதுவாகப் போகும் செய்திகள்) எல்லாம் குறைந்த வேகத்தில் போய் ஏர்டைமை (வைஃபை அலைவரிசையில் கிடைக்கும் நேரம்) தின்றுவிடுமே என்று பயம். ஆக்சஸ் பாயிண்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் ப்ராக்ஸி ஏஆர்பி (முகவரி தேடும் கேள்விகளுக்குக் கருவிகளின் சார்பில் பதில் சொல்வது) போட்டு, எம்டிஎன்எஸ்ஸை (அக்கம்பக்கக் கருவிகளைத் தேடும் மல்டிகாஸ்ட் செய்திகள்) அடக்கினால் தாங்குமா? இல்லை, ஒரே எஸ்எஸ்ஐடிக்கு (வைஃபையின் பெயர்) கீழே நாலு /22 விலான்களைச் சேர்ப்பது மேலா? எனக்கு முதல் வழிதான் சுலபமாகத் தெரிகிறது.

பெரிய வளாகத்தில் /20 ஓட்டியவர்கள் இருந்தால், லீஸ் நேரம் எவ்வளவு வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செமஸ்டர் லீவில் மாற்றிவிட வேண்டும்.