30 மீட்டர் கேபிளில் 5 வோல்ட்டும் ஐ2சி-யும்: கோளாறு எதில்?

செம்புக்கம்பி:
30 மீட்டர் கேட்5இ கேபிளின் (நான்கு ஜோடி முறுக்கிய வயர்கள் கொண்ட நெட்வொர்க் கேபிள்) மறுமுனையில் ஒரு வெப்பநிலை சென்சாரும், 5 வோல்ட்டில் 400 மில்லிஆம்ப் இழுக்கும் சிறு சொலினாய்டும் (மின்காந்தத்தால் இழுக்கும் கருவி) இருக்கின்றன. ஒரு ஜோடியில் மின்சாரமும் மற்றொரு ஜோடியில் ஐ2சி-யும் (சிப்புகள் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் முறை) செல்கின்றன. சொலினாய்டு ‘டக்’கென்று இழுத்த கணமே சென்சார் பதில் தருவதை நிறுத்திவிடுகிறது. ஐ2சி-யின் வேகத்தை ஏற்கெனவே 10 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்துவிட்டேன். கோளாறு வயரிங்கில்தான் இருக்கிறது, ஐ2சி-யைக் கைவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

முனைத்தடை:
கைவிடத்தான் வேண்டும். இந்த வயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம் என்றால், போகவர 60 மீட்டருக்கு 5 ஓம் ஆகிறது. 400 மில்லிஆம்ப்புக்கு 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதில் பாதி கிரவுண்ட் வயரில் (மின்சாரம் திரும்பி வரும், பூஜ்ய வோல்ட்டாகக் கொள்ளும் வயர்) விழுவதுதான் உண்மையான தொல்லை. சும்மா கிடக்கும் ஒரு வயரை அந்த முனையின் கிரவுண்டில் முறுக்கிவிட்டு, இந்த முனையில் அதற்கும் உங்கள் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 1 வோல்ட் காட்டும். ஐ2சி கிரவுண்டை வைத்தே சிக்னலை அளக்கிறது. அதற்குப் பதில் வைக்க வேண்டிய தொடர்பு முறையான ஆர்எஸ்-485 இரண்டு வயர்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே பார்ப்பதால், கிரவுண்ட் விலகலை மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும்.

செம்புக்கம்பி:
வைத்துப் பார்த்தேன், 0.7 வோல்ட்தான் காட்டுகிறது. சொலினாய்டுக்குக் கிடைக்கும் வோல்ட் குறைவதால் அது இழுக்கும் மின்னோட்டமும் குறைந்துவிடுகிறது, அதை நீங்கள் கணக்கில் கொள்ளவில்லை. சென்சார் அனுப்பும் தாழ்நிலையான (0 என்ற பிட்) 0.4 வோல்ட்டை அதோடு கூட்டினாலும் 1.1 தான், இந்த முனையில் உள்ள என் கன்ட்ரோலர் 1.5 வரை அதைத் தாழ்நிலையாகவே ஏற்கும்.

முனைத்தடை:
கணக்கில் பிழை என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்திசையைப் பாருங்கள். உங்கள் கன்ட்ரோலர் லைனைப் பூஜ்யத்துக்கு இழுக்கும்போது, சென்சாருக்கு அது மைனஸ் 0.7 வோல்ட்டாகத் தெரிகிறது. பல சிப்புகள் மைனஸ் 0.3-க்குக் கீழே தாங்குவதில்லை. இது போதாதென்று, மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட் வீதம் உங்கள் கேபிளின் மின்தேக்குத்திறன் (லைன் மேலேறுவதைத் தாமதப்படுத்துவது) 1500-ஐத் தொடுகிறது. ஐ2சி-யின் வரம்போ 400.

ஈரிழை:
இருவரும் ஜோடிகளை மறந்துவிட்டீர்கள். ஐ2சி-யின் இரு வயர்களான டேட்டாவையும் கிளாக்கையும் (நேரத் துடிப்பு) ஒரே ஜோடியில் முறுக்கினால் ஒன்றின் துடிப்பு மற்றொன்றில் கேட்கும். இரண்டையும் தனித்தனியே ஒரு கிரவுண்டோடு ஜோடி சேருங்கள். மீதி இரண்டு ஜோடிகளிலும் ஒரு வயர் 5 வோல்ட், ஒரு வயர் கிரவுண்ட். கிரவுண்டுக்கு மொத்தம் 4 வயர் கிடைத்துவிடும்.

முனைத்தடை:
அதற்குப் பதிலாக 24 வோல்ட்டை அனுப்பி, அந்த முனையில் அதை 5 வோல்ட்டாக இறக்கும் ஒரு பக் கன்வெர்ட்டரை வைக்கலாமே! மின்னோட்டம் 0.1 ஆம்ப் அளவுக்கு இறங்கிவிடும். ஒரே ஜோடி போதும்.

செம்புக்கம்பி:
ஈரிழை சொன்னபடி மாற்றினேன். கிரவுண்ட் எழுச்சி 0.2 வோல்ட்டுக்கு வந்துவிட்டது, சொலினாய்டு இழுக்கும்போதும் சென்சார் பேசுகிறது. புல்-அப்பையும் (லைனை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) 2.2 கிலோஓம் ஆக்கியிருக்கிறேன். லைன் மேலேற 3 மைக்ரோவினாடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும், 10 கிலோஹெர்ட்ஸுக்கு அது தாராளம். 24 வோல்ட் யோசனையை அடுத்து எடுத்துக்கொள்கிறேன். ஆர்எஸ்-485-க்கு மறுமுனையில் இன்னொரு கன்ட்ரோலரை வைத்து அதற்கும் நிரல் எழுத வேண்டும். கேபிளை இன்னும் நீட்டும் நாள் வந்தால் செய்கிறேன்.

முனைத்தடை:
நீட்டுவீர்கள். அன்றைக்கு ஆர்எஸ்-485 லைனின் இரு முனையிலும், சிக்னல் எதிரொலிக்காமலிருக்க, 120 ஓம் ரெசிஸ்டரைப் போட மறவாதீர்கள்.