உத்தராகண்ட் மலைகளில் வெக்டர் வரைபடத்தை நம்பி நடந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பழைய தாள் வரைபடங்களைத் திரையில் விரித்து, ஆறு, பாதை, ஊர் என்று ஒவ்வொன்றின் மேலும் புள்ளி புள்ளியாக வைத்து, புள்ளிகளை இணைக்கும் கோடுகளால் ஆன வெக்டர் கோப்பாக மாற்றுவது என் தொழில். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் போகும் நடைபாதையையும் நான் வரைந்திருக்கிறேன். சென்ற ஆண்டு மே மாதம் அதே கோப்பைப் போனில் ஏற்றிக்கொண்டு முதன்முறையாக அந்தப் பாதையில் நடந்தேன்.

ராம்பாரா வந்ததும் எல்லோரும் பாலம் ஏறி மந்தாகினியைக் கடந்தார்கள். போனில் என் கோடோ ஆற்றைக் கடக்காமல் நேராக மேலே ஏறியது. பக்கத்தில் ராம்பாரா என்ற ஊர்ப்புள்ளி. அங்கே ஊர் இல்லை. தேநீர்க் கடையில் இருந்த பெரியவரிடம் போனைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், கையில் இருந்த கண்ணாடி டம்ளரை உயர்த்தி எதிர்ச்சரிவைக் காட்டினார். பாதையின் ஒரு துண்டு, ஓரக் கல்சுவரோடு, இரு முனையும் அறுந்து நின்றது. நான் வரைந்த பாதை அதுதான்.

2013 ஜூன் நடுவில் கொட்டிய மழையும், 17ஆம் தேதி காலையில் சோராபாரி ஏரி உடைந்து வந்த வெள்ளமும் ராம்பாராவை இல்லாமல் ஆக்கிவிட்டன. பிறகுதான் மறுகரையில் லின்சோலி வழியாகப் புதிய பாதை போட்டார்கள். இதையெல்லாம் செய்தியில் படித்தவன்தான் நான். ஆனால் வரைய உட்கார்ந்தபோது கைக்கு வந்த தாள் எந்த ஆண்டு அளந்தது என்று கேட்கவில்லை. அந்த டம்ளரைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். படமாக இருக்கும் வரைபடத்தைப் பெரிதாக்கினால் அது மங்கிப்போய்த் தன் எல்லையைக் காட்டிவிடும். வெக்டர் கோடு எவ்வளவு பெரிதாக்கினாலும் கத்தி முனைபோல் நிற்கும். அந்தக் கூர்மையைத் துல்லியம் என்று எண்ணிவிடுகிறோம். 1:50,000 அளவுத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். மலையில் பாதைக்கும் பள்ளத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம்கூட இருக்காது. சம உயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் என்றால், 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று எந்தக் கோட்டிலும் படாமல் நடுவில் ஒளிந்துகொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் புள்ளிகளைக் குறைத்து வைத்தால் பாதையின் நீளமும் குறைந்துவிடும். கால் வலிக்கும்போதுதான் அது தெரிகிறது.

* * *

நான் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போனவள். ஜூன் முதல் வாரம், பூங்கா திறந்த சில நாட்களில். பள்ளத்தாக்குக்குக் கீழே உள்ள காங்கரியா என்ற ஊருக்கு மேலே என் போனில் 87.5 சதுர கிலோமீட்டரும் ஒரே பச்சைப் பரப்பாகத்தான் இருந்தது. நேரில் பாதி வெள்ளை. வரைபடத்தில் மெல்லிய நீலக்கோடாக இருந்த ஓடையின் மேல் பனி மூடியிருந்தது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கோட்டின்படி நேராகக் கடந்திருப்பேன். வனக்காவலர் ஒருவர் கைத்தடியால் பனியைக் குத்திக் காட்டினார். தடி கைப்பிடி வரை இறங்கியது. அவர் பின்னால் சுற்றிப் போனோம்.

ஆனாலும் வெக்டர் கோப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் மொத்தப் பள்ளத்தாக்கும் சில மெகாபைட்டுக்குள் என்னோடு வந்தது. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. போகிறவர்கள் போனை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

* * *

முசூரியில், இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் வாழ்ந்த வீட்டு முற்றத்தில் நின்றபோது எனக்கு நம் பரங்கிமலை நினைவுக்கு வந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் அங்கே தொடங்கிய நில அளவைதான் முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய் இந்த மலைகளைத் தொட்டது. இதே மாநிலத்தின் மிலம் கிராமத்தில் பிறந்த நைன் சிங் ராவத், ரகசியமாக நிலம் அளக்க, 100 மணி கோத்த ஜபமாலையோடு திபெத்தின் லாசா வரை நடந்தார். தூரத்தைக் கணக்கிட நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளினார். அவர் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மனிதர் நின்றிருக்கிறார். நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். ஊர் திரும்பியதும் கோப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் "அளந்த ஆண்டு" என்று ஒரு தகவல் நெடுவரிசை சேர்த்துவிட்டேன். லின்சோலிப் பாதையை என் ஜிபிஎஸ் பதிவிலிருந்து புதிதாக வரைந்தேன். ராம்பாராவை அழிக்க மனமில்லை. "2013 ஜூன் வரை" என்ற குறிப்போடு தனி அடுக்கில் வைத்திருக்கிறேன்.