'ரீஃப் சேஃப்': பவளங்கொத்தா மீன் என்று சொல்லலாமா?

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் குழுவில் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

கடல்மீன் தொட்டி வைப்பவர்களுக்காக நாம் சேர்த்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலுக்கு, 'ரீஃப் சேஃப்' (பவளம் உள்ள தொட்டியில் விடலாம், பவளத்தைத் தின்னாது என்று மீனைப் பற்றிக் கடைகளில் சொல்வது) என்பதற்குத் தமிழ் கேட்டு அக்கா எழுதிய மடலுக்கு நாலைந்து பதில்கள் வந்துவிட்டன. நான் பிந்தி வருகிறேன். ஆனால் இந்த ஒரு சொல்லால் என் தொட்டியில் உயிர்கள் போயிருக்கின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் வீட்டுக் கூடத்தில் நான்கடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். தோல் பவளம், காளான் பவளம் என்று மென்பவளங்கள் மட்டும்தான். கல்பவளம் எதுவும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது, இதை நம் சொற்பட்டியலில் பவளம் வரும் இடத்திலெல்லாம் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தொட்டிக்கு 'நிலாவால் ராஸ்' என்ற மீன் ஒன்று வாங்கினேன் (ராஸ் என்பது ஒரு கடல்மீன் குடும்பம்), அறிவியல் பெயர் தலாசோமா லூனாரே, பச்சையும் நீலமுமாக உடம்பு, வாலில் மஞ்சள் பிறை. "ரீஃப் சேஃப்தான், தைரியமா விடுங்க" என்றார் கடைக்காரர். விட்டேன். பத்து நாளில் வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால் இரண்டும் போயின, அப்புறம் துறவி நண்டுகள், அப்புறம் கண்ணாடியில் பாசி மேயும் நத்தைகள். பவளம் ஒன்றில்கூட வாய் வைக்கவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அந்தச் சொல்லுக்கு உள்ள பொருளைத்தான் சொன்னார். 'சேஃப்' என்று கேட்டதும் தொட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் ஆபத்தில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். தமிழில் வைக்கிற சொல்லிலாவது இந்தக் குழப்பம் இருக்கக்கூடாது.

இதுவரை வந்தவற்றைப் பற்றி: அண்ணாச்சி சொன்ன 'பவளக்காப்பு மீன்' என்றால் பவளத்துக்குக் காவல் இருக்கும் மீன் என்றுதான் தோன்றும். 'பவளப் பாதுகாப்பான மீன்' தமிழ் எழுத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். 'சாது மீன்' ஆகவே ஆகாது. ஆறுகோட்டு ராஸ் பவளத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் பிறகு வந்து சேர்கிற சின்ன மீன்களை மூலைக்கு மூலை விரட்டும், அதைச் சாது என்று எப்படிச் சொல்வது? 'பவளந்தீண்டா மீன்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாகிரகம் தொடங்கவேண்டியிருந்த ஊர்க்காரன் நான், 'தீண்டா' என்ற சொல்லை மீனுக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. அதை விட்டுவிடுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குச் சொல் கிடைத்தது தொட்டியின் முன்னால்தான். இப்போது வைத்திருப்பது மஞ்சள் ராஸ், ஹாலிகோரஸ் கிரைசஸ். அது நீந்துவதே தனி அழகு, வாலை வீசாமல் பக்கத் துடுப்பை மட்டும் துழாவிப் போகும். கல் பக்கத்தில் நின்று ஒரு கண்ணை மேலும் ஒரு கண்ணைக் கீழும் உருட்டி, நமக்குக் கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்றைப் பார்த்து டக்கென்று ஒரு கொத்து, நகர்ந்து அடுத்த கொத்து, விளக்கு அணையும்வரை இதே வேலை. ஒருநாள் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இது என்னடே, கோழி மாதிரி கொத்திக்கிட்டே கெடக்கு?" என்றார்கள். முட்டத்துப் பாறையில் தூண்டில் போடுகிறவர்களும் மீன் இரையைத் தொட்டால் கொத்துது என்றுதான் சொல்கிறார்கள். மரங்கொத்தி, மீன்கொத்தி என்று இரண்டு சொற்கள் ஏற்கெனவே நம் நாக்கில் இருக்கின்றன. அந்த வழியிலேயே போனால் பவளத்தின் பாலிப்பை, அதாவது பவளத்தில் வாழும் சின்னஞ்சிறு உயிரைக் கொத்தித் தின்கிற வண்ணத்துப்பூச்சி மீன் வகைகள் பவளங்கொத்தி. கொத்தாதது பவளங்கொத்தா மீன். செல்லாக்காசு, வாடாமல்லி மாதிரி எதிர்மறைப் பெயரெச்சம்தான், புதிதாக இலக்கணம் எதுவும் வேண்டாம்.

ரீஃப் என்பதற்கு நம் மீனவர்கள் சொல்லும் 'பார்' இருக்கும்போது அதை ஏன் விட்டீர்கள் என்று அக்கா கேட்பார்கள், தெரியும். முத்துப்பார் என்று மன்னார் வளைகுடாவில் காலங்காலமாக வழங்கும் சொல், எனக்கும் அதன்மேல் ஆசைதான். கரையில் தெரிகிற மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர் பார்த்து நடுக்கடலில் பார் இருக்கும் இடத்தைப் பிடிப்பவர்களின் சொல் அது. ரீஃபுக்குப் பார் என்றே பட்டியலில் போடுவோம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, எங்கள் கடலுக்குள் கிடப்பது பெரும்பாலும் வெறும் பாறைதான், அதைப் பவளப்பாறை என்று எழுதினால் தவறாகிவிடும். ஆனால் இந்த ஒரு சொல்லுக்குள் பார் வரக்கூடாது. ராஸ் நாள் முழுக்கக் கொத்துவதே பாரைத்தானே? பாரில் ஒட்டியிருக்கும் சிறு ஓட்டுயிர்களும் புழுக்களும்தான் அதன் சாப்பாடு. பவளத்தின் அடியில் ஒட்டிய தட்டைப்புழுவைப் பொறுக்குவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஐயோ பவளத்தைத் தின்கிறது என்று மீனைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. எதைக் கொத்துகிறது, எதைக் கொத்தவில்லை என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

இந்த அமைப்பின் பலன் இன்னொன்று. ஒரு சொல்லோடு நிற்காமல் அடுக்கிக்கொண்டே போகலாம். நிலாவால் ராஸ் பவளங்கொத்தா மீன், ஆனால் இறால்கொத்தி. கடைத் தொட்டியில் ஒட்டிய சீட்டில் இந்த இரண்டு சொல் இருந்திருந்தால் என் இறால்கள் இன்றைக்கும் இருக்கும். நத்தைக்கு மட்டும் கொத்தி பொருந்தாது, ராஸ் தன் தொண்டைக்குள் இருக்கும் இரண்டாம் தாடையின் பல்லால் நத்தையின் மேலோட்டை நொறுக்குகிறது, ஆகவே நத்தைநொறுக்கி. மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்குகிற நீலக்கோட்டு ராஸ், லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ், அதற்குப் பேன்கொத்தி என்று வைத்தால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கும். பேன் இல்லாத வீட்டுத் தொட்டியில் அது பட்டினியால் மெலிந்து சாவதும் அந்தப் பெயரிலேயே புரிந்துவிடும். அதைத் தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்.

தூங்கும் விதத்துக்கும் சொல் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மஞ்சள் ராஸ் இரவில் மணலுக்குள் புதைந்துவிடும், மணலுறங்கி என்று சொல்லலாம். ராஸிலேயே சிர்ரிலாப்ரஸ் என்ற வகை கல் இடுக்கில் தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு கூடு கட்டிக்கொண்டு தூங்கும், அதற்குச் சளிக்கூடு போதும். மணலுறங்கிக்கு ஐந்து சென்டிமீட்டராவது மெல்லிய மணல் வேண்டும். மணவாளக்குறிச்சி பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கிருந்து அள்ளி வந்துவிடாதீர்கள், அது இல்மனைட்டும் கார்னட்டும் மோனசைட்டும் கலந்த கனிம மணல், பவளத் தொட்டிக்கு உகந்தது சுண்ண மணல்தான். வாங்கித்தான் போட வேண்டும். தொட்டிக்கு மூடியும் கட்டாயம். ராஸ் துள்ளி வெளியே விழும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

ராஸ் என்ற பெயருக்கே தமிழ் என்ன என்பதை இப்போது தொட வேண்டாம். கிளிமீன் என்று போட்டால் ராமேசுவரத்தில் ஒரு மீன், எங்கள் மேற்குப் பக்கத்துச் சந்தையில் கேரளத்தைப் போல வேறு மீன். குடும்பப் பெயரான லாப்ரிடே லத்தீனில் உதட்டிலிருந்து வந்ததால் உதடன் என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்குப் பிடித்திருக்கிறது, தனி இழையில் பேசலாம்.

பவளங்கொத்தி என்ற சொல்லில் எனக்கே ஒரு இடம் இடறுகிறது. ராஸ் குடும்பத்திலேயே பவளம் தின்பவை சில உண்டு, லாப்ராப்சிஸ் மாதிரி, தடித்த மெத்து உதட்டில் சளி பூசிக்கொண்டு பவளத்தின் மேல் வாயைப் பொத்தி உறிஞ்சுகின்றன. கொத்தவில்லை. இதைப் பொதுவாகப் பவளங்கொத்தியிலேயே சேர்ப்பதா, பவளவுறிஞ்சி என்று பிரிப்பதா? சேர்த்தால் சொல் எளிது. பிரித்தால் 'கொத்தா மீன்' என்று எழுதியதை நம்பி ஒருவர் உறிஞ்சுகிற மீனை வாங்கிவிடுவாரோ என்று இருக்கிறது. அக்கா, மீன்வளம் படித்தவர்கள் நீங்கள்தான் இதைச் சொல்ல வேண்டும்.