படம் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்ட ராத்திரி

காசிமேட்டுக்காரன்:

1987இல் எனக்கு ஒன்பது வயது. வீடு காசிமேட்டில், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு சந்து. பக்கத்து வீட்டு அண்ணன் டெக்கும் (வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி) கலர் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து வருவார், கேசட் பர்மா பஜாரில். முதலில் ரஜினி படம், அப்புறம் எம்.ஜி.ஆர். படம். விடியும் நேரத்துக்குப் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு இங்கிலீஷ் பேய்ப் படம். அது ஆரம்பித்ததும் பொடிசுகளை விரட்டிவிடுவார்கள். நான் மொட்டைமாடியில் பாயில் படுத்துக்கொண்டு, கீழே ஜன்னல் வழியாக வந்த சத்தத்தை மட்டும் கேட்டேன்.

இசையே இல்லை. சிறகடிப்பு, கீச்சல், நடுவில் யாரோ அலறுகிறார்கள். மீன் ஏலம் விடும் இடத்தில் வளர்ந்தவனுக்குக் காக்காய்க் கத்தல் புதிதா? ஆனால் இது தொண்டையிலிருந்து வந்த கத்தலாகத் தெரியவில்லை. காலையில் டீ வாங்கப் போனவன், கூடை மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்காயைப் பார்த்துத் தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். "எதுக்குடா இப்டி ஓடியார?" என்றாள் ஆயா. சொல்லத் தெரியவில்லை. மிளகாய் சுற்றிப் போட்டாள்.

அது இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963), பறவைகள் மனிதர்களைத் தாக்கும் படம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் வரும் கத்தல்கள் பலவற்றை பெர்லினில் ஆஸ்கர் சாலா என்பவர் டிராட்டோனியம் என்ற மின்கருவியில் உண்டாக்கியிருக்கிறார். அதில் ஆர்மோனியம் மாதிரி கட்டைகள் கிடையாது. உலோகத் தண்டுக்கு மேலே ஒரு கம்பி. விரல் அழுத்துகிற இடத்தைப் பொறுத்து சுருதி, அழுத்துகிற பலத்தைப் பொறுத்து சத்தம். அவருடைய முந்தைய படமான 'சைக்கோ'வுக்கு இசையமைத்து வயலின்களைக் கீறவிட்ட பெர்னார்ட் ஹெர்மனும் இதில் இருந்தார், ஆனால் ஒலி ஆலோசகராக மட்டும். அவ்வளவு பெரிய இசையமைப்பாளரை வைத்துக்கொண்டு பின்னணி இசை வேண்டாம் என்று முடிவெடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

பத்தாவதில் கோட்டைவிட்டு, வண்ணாரப்பேட்டையில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். ஒரு ஆடி மாதம், கூழ் ஊற்றும் விழா. ராத்திரி ஒரு மணிக்குப் பாட்டை நிறுத்தினேன், ஆம்ப்ளிஃபையரை நிறுத்த மறந்துவிட்டேன். எர்த் சரியில்லை. பெரிய பாக்ஸ் இரண்டிலும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். பந்தலில் தூங்கியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார ஆரம்பித்தார்கள். சத்தம் என்று யாருமே சொல்லவில்லை. ஒரு கிழவி மட்டும், "யாரோ வந்து நிக்கிறாங்கடா" என்றாள். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்கு ஹிட்ச்காக் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். வெறும் மௌனம் வேண்டாம், மின்னணு மௌனம் வேண்டும் என்றாராம், தூரத்துக் கடல் இரைவது போல ஒரே சீராக. நாங்கள் அதைச் செய்திருந்தால் முதலாளி 'எர்த்தப் பாருடா' என்று கத்தியிருப்பார்.

பெரம்பூர் டிரம்ஸ்:

நான் பேண்ட் செட்டில் சைட் டிரம் வாசிப்பவன். என்னைப் பிடித்து ஆட்டிய திகில் படம் 'ஹாலோவீன்' (1978). ரயில்வே குவார்ட்டர்ஸில் நண்பன் வீட்டில் பார்த்தேன். பயத்தை விட, அதன் இசையில் வரும் தாளம் காலுக்கு அகப்படவில்லையே என்ற எரிச்சல்தான் அதிகம். வீட்டுக்கு நடந்து வரும்போது விரல் விட்டு எண்ணினேன்: தகிட தகிட தக தக. பத்து! நாலு நாலாக நடந்தே பழகிய காலுக்கு இது ஒவ்வொரு சுற்றிலும் இடறுகிறது. இயக்குநர் ஜான் கார்பென்டரே போட்ட இசை. இந்த ஐந்து அடித் தாளத்தை (அரை அரையாக எண்ணினால் பத்து) அவருடைய அப்பா போங்கோ என்ற சின்னக் கை மேளத்தில் சொல்லிக் கொடுத்தாராம். இசை சேர்க்காத பிரதியைப் பார்த்த ஸ்டுடியோ அதிகாரி ஒருவர் கொஞ்சமும் பயப்படவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு சாவு ஊர்வலத்தில் இதை மெதுவாக வாசித்துப் பார்த்தேன். மாஸ்டர் குச்சியாலேயே ஒன்று வைத்தார்.

எண்ணூர் தங்கச்சி:

எனக்கு 'தி இன்னொசென்ட்ஸ்' (1961) என்ற பேய்ப் படம். கறுப்பு வெள்ளை, ரத்தமே கிடையாது. ஹெட்ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நடுக்கமான ரீங்காரம் வந்தது. லாரி நிற்கிறதோ என்று ஹெட்ஃபோனைக் கழற்றித் தெருவை எட்டிப் பார்த்தேன். தெரு காலி. அது டாஃப்னி ஓரம் செய்த மின்னணு ஒலி. பி.பி.சி.யில் மின்னணு ஒலிகளைச் செய்யும் பிரிவாக இருந்த ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பை 1958இல் தொடங்கியவர்களில் ஒருவர். படத்தில் அவர் பெயரே போடவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

காசிமேட்டு அண்ணா, அந்த 'தி பேர்ட்ஸ்' படத்தை அப்புறம் முழுசாகப் பார்த்தீங்களா?

காசிமேட்டுக்காரன்:

பார்த்தேம்மா, போன வருஷம்தான். திரையில் பறவைகள் வர வர எனக்குப் பயம் விட்டுப்போனது. நடுவில் எழுந்து போய் டீ கூடப் போட்டு வந்தேன். கடைசிக் காட்சிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.