பின்சர் ஓக் காடு: மார்ச் கடைசியில் நடக்கவும் பறவை பார்க்கவும் எப்படித் திட்டமிடுவது?

சோலைக்கிளி கேட்டது:

வணக்கம். உத்தராகண்டில் அல்மோராவுக்கு மேலே இருக்கும் பின்சர் சரணாலயத்துக்கு மார்ச் கடைசி வாரம் போவதாக இருக்கிறோம். நாலு பேர். அப்பா, அம்மா இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. தினமும் நடப்பவர்கள்தான், ஆனால் இறக்கத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கும். மலையேற்றம் நோக்கமில்லை. ஓக் காட்டுக்குள் நிதானமாக நடக்க வேண்டும், பறவையும் விலங்கும் கண்ணில் பட்டால் சந்தோஷம். வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் பறவை பார்த்துப் பழக்கம் உண்டு. இமயமலை புதிது.

மூன்று இரவு போதுமா? சரணாலயத்துக்கு உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா? எந்தப் பாதையில் நடப்பது? சென்னையிலிருந்து ரயிலில்தான் வருவோம், எந்த இணைப்பு சரிவரும்?

குமாவுன் தடம்:

மூன்று இரவு சரியான கணக்கு. இரண்டு இரவு என்றால் ஒரே ஒரு விடியற்காலைதான் முழுதாகக் கையில் கிடைக்கும், அன்று மேகம் மூடினால் போச்சு.

உள்ளேயே தங்குங்கள். சரணாலய நுழைவாயிலான அயார்பானி கேட்டிலிருந்து மேலே இருக்கும் குமாவுன் மண்டல் விகாஸ் நிகம் (அரசுச் சுற்றுலா நிறுவனம்) விடுதி வரை பத்து கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை. வெளியே தங்கினால் கேட்டில் சீட்டு வாங்கி, வண்டி ஏறி, மேலே போய் இறங்கும்போது வெயில் வந்துவிடும். இந்தக் காட்டில் பறவைக்கான நேரம் விடிந்த பிறகு முதல் இரண்டரை மணி நேரம். அதை வண்டிக்குள் கழிப்பதற்காக யாரும் அவ்வளவு தூரம் வர வேண்டாம். விடுதி வேண்டாமென்றால் சரணாலயத்துக்குள் இருக்கும் கிராமங்களில் வீட்டுத் தங்கல் உண்டு. ஆனால் பல வீடுகளுக்குச் சாலையிலிருந்து நடந்து இறங்க வேண்டும், உங்கள் அம்மாவுக்கு அது ஒத்துவராது.

விடுதியில் மாலையில் சில மணி நேரம்தான் விளக்கு எரியும். பவர் பேங்க், ஆளுக்கொரு டார்ச், கேமராவுக்குக் கூடுதல் பாட்டரி எல்லாம் கட்டாயம். குளிரில் பாட்டரி சீக்கிரம் இறங்கும், ராத்திரி போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மலை உச்சியில் தண்ணீர் அரிது. வெந்நீர் வாளிக் கணக்கில்தான் வரும். ஏடிஎம் அல்மோராவோடு சரி.

நடைக்கு: விடுதியிலிருந்து ஜீரோ பாயிண்ட் சுமார் இரண்டு கிலோமீட்டர். சரணாலயத்தின் உச்சிப் பகுதி இது, 2400 மீட்டருக்குச் சற்று மேல். ஏற்றம் மெதுவானது, பாதை அகலம், பெற்றோர் தாராளமாக நடக்கலாம். வானம் தெளிவாக இருந்தால் நந்தாதேவி (7816 மீ), திரிசூல் (7120 மீ), பஞ்சசூலி வரிசையாகத் தெரியும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சிகரம் தெளிவாகத் தெரியும் நேரமும் பறவை பரபரப்பாக இருக்கும் நேரமும் ஒன்றே. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகமோ மூட்டமோ சிகரத்தை மறைத்துவிடும். சிகரத்தைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்தால் வழியில் இருக்கும் பறவை அத்தனையும் பறந்துவிடும். முதல் காலையைச் சிகரத்துக்குக் கொடுங்கள். இரண்டாம் காலை எங்கும் போய்ச் சேர வேண்டாம்.

அந்த இரண்டாம் காலைக்கு விடுதிக்குக் கீழே இறங்கும் தார்ச்சாலையே போதும். சாலை செங்குத்தான சரிவை வெட்டிப் போட்டது என்பதால், பள்ளத்துப் பக்கம் நிற்கும் மரங்களின் உச்சி உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். காட்டுக்குள் போய் அண்ணாந்து கழுத்து வலிக்க நின்றாலும் கிடைக்காத காட்சி, சாலையோரத்தில் நேராகக் கிடைக்கும். ஒரு வளைவில் இருபது நிமிடம் நின்று, அடுத்த வளைவுக்குப் போனால் போதும். ஒரு காலையில் ஒன்றரை கிலோமீட்டர் தாராளம். திரும்புவதற்கு வண்டியைக் கீழே வரச் சொல்லிவிடுங்கள்.

பாஞ்ச் இலை:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. சாலை மட்டும் பார்த்தால் காட்டின் பாதிதான் தெரியும். தரையில் நடமாடுபவை பாதையோரத்தில்தான்.

முதலில் மரம். நம் ஊட்டி, வால்பாறை எஸ்டேட்டுகளில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக்கை மனத்தில் வைத்துப் போகாதீர்கள், அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். பின்சரில் பெரும்பான்மை பாஞ்ச் என்ற ஓக் வகை. இலை ஓரத்தில் ரம்பப் பல், மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளை. காற்றடித்தால் மரம் முழுக்க வெள்ளி பூசியதுபோல் புரளும். அடிப்பக்கமும் பச்சையாக, பளபளப்பாக இருந்தால் அது திலோஞ்ச். அடியில் துருநிறப் பஞ்சு ஒட்டியிருந்தால் ரியாஞ்ச். இலையைத் திருப்பிப் பார்த்தாலே போதும். மரத்தை அண்ணாந்து பார்த்து அடையாளம் சொல்ல நினைப்பவர்கள் மூன்றையும் குழப்பிக்கொள்வார்கள்.

மார்ச் கடைசி நல்ல தேர்வு. பாஞ்ச் பழைய இலையை உதிர்ப்பதும் இளஞ்சிவப்பு கலந்த தளிர் விடுவதும் மார்ச், ஏப்ரலில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடக்கும். தளிரில் புழு, புழுவுக்குப் பின்னால் கதிர்க்குருவிகள். கூடவே புராஞ்ச் (ரோடோடென்ட்ரான்) மரம் சிவப்பாகப் பூத்திருக்கும். பூ நிறைந்த ஒரு மரத்தடியில் நின்றால் ரூஃபஸ் சிபியா என்ற செம்பழுப்புப் பறவைகள் தேனுக்காக வந்தபடி இருக்கும், நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பியிருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் குளிர்காலத்தில் பார்க்கிற வெர்டிட்டர் ஈப்பிடிப்பான், நீலத்தலைப் பூங்குருவி இரண்டுக்கும் இந்தப் பக்கம்தான் கோடை வீடு. உங்கள் தேதிக்கு வெர்டிட்டர் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பறவை பார்க்கும் முறை இங்கே டாப்ஸ்லிப் மாதிரி இல்லை. அரைமணி நேரம் காடு காலியாகத் தோன்றும், திடீரென்று ஒரு கலப்புக் கூட்டம் வந்து ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். முதலில் காதில் விழுவது கருந்தொண்டைச் சிட்டுகளின் மெல்லிய சிலுசிலுப்பு. அது கேட்டதும் நடையை நிறுத்துங்கள், சத்தத்தை நோக்கி ஓடாதீர்கள். கூட்டம் ஒரு திசையில் நகரும். அதன் வழியில் முன்கூட்டிப் போய் நின்றால் தலைக்கு மேலேயே வந்து மேயும். கிளை நுனியில் இருப்பவற்றை முதல் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு அடிமரத்தைப் பாருங்கள். தலைகீழாக இறங்கினால் வெண்வால் நட்ஹாட்ச். சுருள் வட்டமாக மேலே மட்டும் ஏறிப்போனால் ட்ரீகிரீப்பர். நுனிக் கிளைக் குருவிகள் கடைசி வரை இருக்கும், அடிமரத்துப் பறவைகள் மரம் விட்டு மரம் சட்டென்று தாவிவிடும்.

அடிமரத்தில் வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள் தெரிந்தால் அது செவ்வயிற்று மரங்கொத்தியின் வேலை. மரச்சாறு குடிக்கப் போட்ட துளைகள். துளையோரம் ஈரமாக இருந்தால் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்து காத்திருக்கலாம், பலன் உண்டு.

பகலிலேயே ஆந்தைக் குரல் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். அது கைப்பிடி அளவுள்ள காலர்டு ஆவ்லெட். அதைச் சுற்றிச் சின்னப் பறவைகள் கூடித் திட்டும். கேட்டதும் செல்பேசியில் அதே குரலைப் போட்டுப் பறவைகளை வரவழைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஏப்ரல் நெருங்கும் கூடு கட்டும் காலத்தில் அதைச் செய்யவே கூடாது. குருவிகள் இல்லாத எதிரியைத் துரத்துவதில் நேரத்தைச் செலவழிக்கும், கூடு பாதியில் நிற்கும்.

தரையில் உதிர்ந்த ஓக் இலை காய்ந்து அப்பளம்போல் நொறுங்கும். சத்தமில்லாமல் நடக்க முடியாது. அதே காரணத்தால் உங்களுக்கும் எல்லாம் கேட்கும். விட்டு விட்டுக் கேட்கும் கனமான பறண்டல் காலிஜ் காட்டுக்கோழி. தொடர்ந்து இலைகளைத் தூக்கியெறியும் சத்தம் லாஃபிங்த்ரஷ் பறவைக் கூட்டம். பாதையில் மண் தெரியும் இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள். 8x42 பைனாகுலர் போதும், நிழலான காடு என்பதால் 10x வேண்டாம்: கை நடுக்கம் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும்.

சோலைக்கிளி:

இருவருக்கும் நன்றி. இலை திருப்பும் விஷயம் அருமை. இன்னும் இரண்டு கேள்வி. சிறுத்தை, கரடி உள்ள காட்டில் விடியற்காலை நாங்களே நடக்கலாமா? அம்மாவின் முழங்காலுக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

மலைச்சாலை:

சிறுத்தை இருக்கிறது, கரடியும் இருக்கிறது. இமயக் கருங்கரடி ஓக் கொட்டைக்காக அதிகம் அலைவது மழைக்குப் பிறகு, குளிர் தொடங்கும் வரை. மார்ச்சில் அந்த அளவு இல்லை, ஆனாலும் இருட்டில் நடக்க வேண்டாம். நன்றாக வெளுத்த பிறகு கிளம்பி, மாலை மங்குவதற்கு முன் விடுதிக்குள் வந்துவிடுங்கள். நாலு பேரும் சேர்ந்தே நடங்கள், சின்னப் பையன்கள் யாராவது உடன் வந்தால் முன்னால் ஓடவிடாதீர்கள். லங்கூர் குரங்கு உச்சிக் கிளையிலிருந்து ஒரே பக்கம் பார்த்துக் கரகரவென்று இருமினாலோ, கேளையாடு நாய்போல விடாமல் குரைத்தாலோ, சிறுத்தை பக்கத்தில் நடக்கிறது. பாதையிலேயே நில்லுங்கள், புதருக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். குரைப்பு நகர்ந்து போவதை வைத்து அது போகும் திசை தெரியும். கேட்டில் உள்ளூர் வழிகாட்டிகள் கிடைப்பார்கள், முதல் காலைக்காவது ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். கிளைப்பாதைகள் பல கிராமங்களுக்கு இறங்குகின்றன. தெரியாமல் இறங்கினால் திரும்ப ஏறுவதற்குள் நாள் முடிந்துவிடும், செல்பேசி சிக்னலும் எல்லா இடத்திலும் கிடையாது.

மஞ்சள் தொண்டை மார்ட்டன் என்ற மரமேறும் விலங்கைச் சொல்ல மறந்துவிட்டார்கள். நம் நீலகிரி மார்ட்டனின் நெருங்கிய சொந்தம். பெரும்பாலும் சோடியாகப் போகும், பகலிலேயே நடமாடும். ஒன்று சாலையைக் கடந்தால் கேமராவை இறக்காதீர்கள், இரண்டாவது வரும்.

முழங்காலுக்கு: ஓக் காட்டுச் சரிவில் ஆபத்து காய்ந்த இலைக்கு அடியில் கிடக்கும் கொட்டைதான். மிதித்தால் உருளும். இரண்டு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் தடியின் நீளத்தை ஐந்தாறு சென்டிமீட்டர் கூட்டி, தடியை முதலில் ஊன்றிப் பிறகு கால் வைக்கச் சொல்லுங்கள். செருப்பு, மழுங்கிய அடிப்பாகம் உள்ள ஷூ இரண்டும் வேண்டாம். பாதையோரத்தில் செந்தட்டி நிறைய, முழுக்கால் உடை நல்லது. அட்டை மழைக்காலத்தில் மட்டும்தான்.

பின்சர் தேதியைத் தள்ளிப்போட்டு மே, ஜூன் என்று மாற்றிவிடாதீர்கள். கீழ்ச்சரிவுகளில் சீர் பைன். அதன் ஊசியிலை காய்ந்து தீப்பிடித்தால் மேலே ஓக் காடு வரை ஏறும். 2024 ஜூனில் இந்தச் சரணாலயத்திலேயே தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். தீ இல்லாவிட்டாலும் புகைமூட்டத்தில் சிகரம் ஒன்றும் தெரியாது. சிகரம் மட்டுமே முக்கியம் என்பவர்களுக்கு அக்டோபர் கடைசி, நவம்பர்தான்.

ரயில்: தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையில் புது டெல்லி சேரும் நேரமும், காத்கோதாம் சதாப்தி அங்கிருந்து கிளம்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை இணைப்பாக நம்பி டிக்கெட் போடாதீர்கள். பகலில் டெல்லியில் ஓய்வெடுத்து, ராத்திரி பழைய டெல்லி நிலையத்திலிருந்து ராணிகேத் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியலில் காத்கோதாம். அது ஜெய்சல்மேரிலிருந்து வரும் வண்டி, டெல்லிக்குத் தாமதமாக வருவதும் உண்டு. காத்கோதாமிலிருந்து அல்மோரா சுமார் 90 கிலோமீட்டர், அங்கிருந்து விடுதி வரை இன்னும் முப்பது சொச்சம். முழுக்க வளைவு. வாந்தி மாத்திரையை வண்டி ஏறுவதற்கு அரைமணி முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அல்மோராவுக்கு முன்னால் குவாரப் பக்கம் மலை சரிந்து சாலை அடைபடுவதுண்டு. கிளம்பும் முன் ஓட்டுநரிடம் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், மூடியிருந்தால் ராணிகேத் வழியாகச் சுற்ற வேண்டும், அதற்கு நேரம் கூடும்.

பாஞ்ச் இலை:

ஒரு சேர்க்கை. ஜீரோ பாயிண்டில் சிகரம் மறைந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். வெயில் ஏறிச் சரிவில் சூடான காற்று கிளம்பும்போதுதான் இமயப் பிணந்தின்னிக் கழுகும் எலும்புண்ணிக் கழுகும் உயரும், அதற்குப் பத்து மணியாவது ஆக வேண்டும். வால் ஆப்பு வடிவில் நீண்டிருந்தால் எலும்புண்ணி. ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோங்கள், மேலே கடை கிடையாது.