வீட்டுச் சமையல் விற்பனை: பதிவு, லேபிள், ஆய்வு. தெரிந்தவர்கள் பகிரலாம்

பொடி வகைகள், தஞ்சாவூர்:

"அக்கம்பக்கத்துக்குத்தானே கொடுக்கிறோம், இதற்கெல்லாமா பதிவு?" என்று பலரும் கேட்கிறார்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபம் வருகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. உணவு தயாரித்து விற்றால் அது உணவு வணிகம்தான், பதிவு வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2011 ஒழுங்குமுறை சிறு தயாரிப்பாளருக்கு வைத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனை, நாளொன்றுக்கு 100 கிலோ உற்பத்தி. அதற்குள் இருந்தால் உரிமம் வேண்டாம், பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று அதில் வைத்தார்கள். வரம்பும் கட்டணமும் திருத்தப்படுவதுண்டு, விண்ணப்பிக்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிப்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) ஃபாஸ்காஸ் இணையதளத்தில். படிவம் ஏ, போட்டோ, அடையாளச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டே காரணங்களால். வீட்டில் அரைத்து விற்பவர் "தயாரிப்பு" என்பதற்குப் பதில் "சில்லறை விற்பனை" என்று தேர்ந்தெடுத்துவிடுவார். அல்லது ஆதாரில் பழைய வீட்டு முகவரி இருக்கும். வாடகை வீடு என்றால் ஒப்பந்த நகலைக் கையில் வைத்திருங்கள். பதிவு இடத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. வீடு மாறினால் பழைய சான்றிதழோடு புது அடுப்பில் சமைக்கக் கூடாது.

விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தர வேண்டும். கிடைக்கும் எண்ணில் 14 இலக்கம். 2 என்று தொடங்கினால் பதிவு, 1 என்று தொடங்கினால் உரிமம். அடுத்து வரும் 24 தமிழ்நாட்டைக் குறிக்கும்.

ஊறுகாய், மதுரை:

அக்கா பதிவைத் தெளிவாகச் சொல்லிட்டாங்க. பதிவு வாங்கியவர்கள் மாட்டுவது லேபிளில். தவறான லேபிளுக்கு அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

200 கிராம் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். பொருளின் பெயர். எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகச் சேர்மானங்கள்: எலுமிச்சை, நல்லெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். நிகர எடை, பேட்ச் எண் (ஒரே தடவையில் செய்த தொகுப்புக்கான எண்), தயாரித்த தேதி, பயன்படுத்தக்கூடிய கடைசித் தேதி. முழு முகவரி, பதிவு எண், அனைத்து வரிகளும் சேர்த்த எம்.ஆர்.பி., புகார் சொல்லத் தொலைபேசி எண்.

இதில் எல்லோரும் கோட்டை விடுவது பெருங்காயத்தில். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். மைதா கோதுமை, கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் உண்டு, அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஒவ்வாமை வரியில் "கோதுமை உள்ளது" என்று போட்டாக வேண்டும். உங்கள் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு லேபிளை அச்சுக்குக் கொடுங்கள். பருப்புப் பொடியில் நிலக்கடலை, மைசூர்பாகில் பால் என்று எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள்.

"சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று எழுதவே கூடாது. கருப்பட்டியில் செய்தாலும் கூடாது.

தராசையும் மறக்காதீர்கள். எடை போட்டு விற்க எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையில் முத்திரை போட வேண்டும். ஆன்லைனில் வாங்கிய சமையலறைத் தராசு இதற்குச் செல்லாது.

உணவுத் தொழில்நுட்பம், கோவை:

லேபிளில் கடைசித் தேதியை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால், "மூணு மாசம் தாங்கும்" என்பார்கள். எதனால் தாங்குகிறது என்று தெரியாமல் தேதி போடாதீர்கள். புளிப்பு, உப்பு, ஈரமின்மை, இவைதான் காப்பவை. எண்ணெய் தனியாகக் காப்பாற்றாது.

எனக்கு மிகவும் கவலை தருவது எண்ணெயில் போட்ட பூண்டு. பூண்டில் புளிப்பு குறைவு, எண்ணெய் காற்றைத் தடுக்கும். பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமிக்கு இதுவே வசதியான இடம். நிறமும் மணமும் மாறாமலேயே நஞ்சாகியிருக்கலாம். பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ வினிகரோ தாராளமாகச் சேர்த்து, ஒரு நாள் ஊறிய பின் பூண்டுப் பல்லையே நசுக்கி அளந்து பாருங்கள். மேலே நிற்கும் சாறு மட்டும் புளித்திருந்து பயனில்லை. தக்காளித் தொக்குக்கும் இது பொருந்தும், நன்கு பழுத்த தக்காளி 4.6-ஐ ஒட்டியே நிற்கும்.

பொடி பூசணம் பிடிப்பதற்குக் காரணம் சூட்டோடு டப்பாவில் அடைப்பது. மூடியின் உட்புறம் நீர் கோத்து அதே பொடியில் சொட்டும். முழுக்க ஆறவிடுங்கள்.

முறுக்கு, சீடை போடுகிறவர்களுக்கு: பொரிக்கும் எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மறுபடி மறுபடி காய்ச்சினால் அந்த அளவு ஏறும். எண்ணெய் வடிக்கச் செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை உணவில் இறங்கும், அதற்குத் தடையும் உண்டு. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டார்கள். வீட்டில் சாண்ட்விச் செய்து விற்றவர்களுக்கும் அதே விதிதான் இருந்தது.

கேட்டரிங், திருச்சி:

சார் சொன்ன பூண்டு விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஆய்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் கேட்பவை: தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, சமைப்பவரின் மருத்துவத் தகுதிச் சான்று, மூடியுள்ள குப்பைத் தொட்டி, ஜன்னலில் வலை, தரையிலிருந்து உயர்த்தி வைத்த மூட்டைகள், மளிகை பில்கள். குறை இருந்தால் சரிசெய்யச் சொல்லி மேம்பாட்டு நோட்டீஸ் தருவார்கள். அதில் குறைந்தது 14 நாள் அவகாசம் இருக்க வேண்டும்.

மாதிரி எடுத்தால் பதறாதீர்கள். மாதிரிக்கு விற்பனை விலையைத் தருவார்கள். நான்கு பகுதியாகப் பிரித்து சீல் வைப்பார்கள். ஒன்று அரசு ஆய்வகத்தின் உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கு. நான்காவதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம், அதற்கான செலவு உங்களுடையது. அந்த நேரத்திலேயே எழுத்தில் கேளுங்கள், பலர் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அறிக்கை பாதகமாக வந்தால் கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பேட்ச்சில் எதை எங்கே வாங்கினீர்கள் என்ற பில்லும் மனுவோடு சேரட்டும்.