ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஒரே பைல், எப்படி?

சிப்புட்காரன்: தோட்டத்து வீட்ல பழைய டெஸ்க்டாப், சுங்கை சிப்புட் டவுன் ஆபிஸ்ல லேப்டாப், கோயில் கணக்கு பைல பென்டிரைவ்ல தூக்கிட்டு அலையுறேன், பைல இன்டர்நெட்ல வச்சு ரெண்டு பக்கமும் எடுக்க டிராப்பாக்ஸா கூகுள் டிரைவா, எது நல்லது லா?

ரப்பர்பால்: கூகுள் டிரைவ் போடுங்கண்ணே, ஓசியிலயே 15 ஜிபி, ஆனா ஜிமெயில், போட்டோ எல்லாம் அதுலதான் சேரும். டிராப்பாக்ஸ் 2 ஜிபிதான். தோட்டத்துல லைன் அடிக்கடி படுத்துக்கும்ல, அதனால கம்ப்யூட்டர்ல போடுற டிரைவ் ஆப் செட்டிங்ல ஸ்ட்ரீம் (பைல் நெட்லயே இருக்கும்) வேணாம், மிரர் வைங்க, பைல் கம்ப்யூட்டர்லயே இருக்கும், லைன் வந்ததும் தானா ஏறிக்கும்.

பழையகிராணி: தம்பி, இது பேக்கப் இல்ல. ஒரு பக்கம் அழிச்சா மறுபக்கமும் போயிடும், குப்பைத்தொட்டில 30 நாள்தான் கிடக்கும். கோயில் கணக்கு வேற, ஹார்ட்டிஸ்க்ல தனியா ஒரு காப்பி வச்சிருங்க.

சிப்புட்காரன்: சரிங்கண்ணே. ரெண்டுலயும் ஒரே நேரத்துல திறந்திருந்தா?

ரப்பர்பால்: குழப்பம்தான். ஆபிஸ்ல மூடிட்டு, சிங்க் (மாத்தினது எல்லாம் டிரைவ்ல ஏறுறது) முடிஞ்சிச்சான்னு பாத்துட்டு கிளம்புங்க.